நானும் அங்கேதான் நின்றேன்

என் வீட்டில் குக்கர் கிடையாது. கல்யாணத்துக்கு வந்த இரண்டு குக்கர்களையும் பெட்டியைப் பிரிக்காமலே வேறு கல்யாணங்களுக்கு ஏற்றிவிட்டேன். விருந்துக்கு வருகிறவர்கள் நான் சோறு வடிப்பதைப் பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், இந்தக் காலத்துலயும் வடிச்சிக்கிட்டு” என்பார்கள். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் தப்பிப்பதில்லை. உட்காருங்கள் என்று சொல்லி முழுவதையும் சொல்லிவிடுவேன். கேட்டவருக்குச் சாப்பாடு ஆறிப்போகும், ஏன்தான் வாயைக் கொடுத்தோம் என்று ஆகிவிடும். ஆகட்டும். இதைச் சொல்லக் கூடாது என்று ஒரு காலத்தில் என் வாயைக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. எங்கள் வீடு தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இருந்தது. அப்போது அங்கே வீடுகள் குறைவு, வயலும் தென்னையும்தான் அதிகம். அப்பாவுக்குக் கடையம் போகிற வழியில் கொஞ்சம் நிலம். அண்ணன் போலீஸில் சேர்ந்து மதுரையில் இருந்தான். அவனுக்குப் போலீஸ் லைனில் வீடு கிடைக்காததால் அவன் பெண்டாட்டி, அதாவது என் மதினி, எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கும் முடித்து, வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன் என்றால் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிந்து, சாப்பாட்டு நெல்லை அவிக்கத் தென்காசி ஓரத்தில் இருந்த ஒரு ரைஸ் மில்லுக்கு அனுப்பினோம். நம் ஆள் யாராவது பக்கத்தில் நிற்கவில்லை என்றால் நம் நெல்லை அடுத்தவன் நெல்லோடு கலந்துவிடுவார்கள் என்பது அப்பாவின் தீராத சந்தேகம். அன்றைக்கு அவருக்கு வேறு சோலி இருந்தது. மதினியும் நானும் போனோம். மதினிக்கு மில் என்றால் கொண்டாட்டம். பேச ஆள் கிடைக்குமே.

அங்கே களத்தில் நெல் காயப்போடுகிற பெண்களில் ஒருத்தி எங்களோடு நன்றாகப் பேசுவாள். நெடுநெடுவென்று உயரம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவித்த நெல்லைக் காலால் கோடு கோடாக இழுத்துக்கொண்டே ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேலி பண்ணுவாள். அன்றைக்கு நான்தான் அகப்பட்டேன். “ஏட்டி, பட்டாளத்து மாப்பிள்ளையாம்லா. லீவுல வந்தா லெப்ட் ரைட்டுன்னு உன்னய நடக்க விடுவான், பாத்துக்க” என்றாள். நான் கையில் கோணி ஊசியை வைத்துக்கொண்டு சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். மதினி குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். கேலி பண்ணினவள் சிரித்துக்கொண்டே நெல் அவிகிற டாங்கிப் பக்கம் நடந்தாள்.

முதலில் வந்தது சத்தம். வெடிச்சத்தம் போல ஒரு நொடியில் முடிகிற சத்தம் இல்லை. ஓ என்று, நிற்காமல், தலைக்குள்ளேயே புகுந்து கத்துகிற மாதிரி. அப்புறம் எல்லாம் வெள்ளை. பாய்லரில் இருந்து வருகிற நீராவிக் குழாய் பிளந்துவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். எனக்கு அப்போது அது ஒன்றும் தெரியாது. என் கையை நீட்டினால் என் கையே தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் ஏதோ ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வெள்ளை கலைந்தபோது, என்னைக் கேலி பண்ணின அவள்தான் ஆவியில் வெந்து தரையில் கிடந்தாள். என் கையை விடவில்லை. ஆட்கள் வந்து தூக்குகிற வரைக்கும் நான் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒன்று சொன்னாள். அது என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். முதலில் அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் நான் சொன்ன பிறகுதான் உங்களுக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

நான் அழவில்லை. கத்தவில்லை. மதினிதான் பதறிப்போய் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னேன். சாப்பிடு என்றார்கள், சாப்பிட்டேன். கை கழுவப் போனபோதுதான் அம்மா பார்த்தாள், இடது கையில் கோணி ஊசியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தேன். விரலைப் பிரித்து எடுத்தாள். “பிள்ள தைரியமாத்தான் இருக்கா” என்று அப்பாவிடம் சொன்னாள். எல்லாரும் அதை நம்பினார்கள். நானும் நம்பினேன். யாருக்கோ நடந்ததைத் தூரத்தில் இருந்து பார்த்தது போல இருந்தது. அதுதான் தைரியம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் கடையத்தில் இருந்து மதினியின் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே, “சொல்லுட்டி, என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு” என்றாள். மதினி சொன்னாள், அழுதாள், திரும்பச் சொன்னாள். அந்தம்மா ஊம் கொட்டிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் மதினி தெருக் குழாயடியில் சொன்னாள். அடுத்த நாள் வண்ணாத்தி வந்தபோது சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அவள் சொன்ன கதையில் நான் இல்லை.

அது அப்பாவின் ஏற்பாடு. மதினியின் அம்மா வந்து சேரும் முன்பே எங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டார். “மாப்பிள்ள வீட்டுக்காரங்க விசாரிச்சிட்டு இருக்காவ. பொண்ணு செத்தவ கையப் பிடிச்சிட்டு இருந்தா, பயந்து கெடக்குதான்னு அவங்க காதுல விழுந்துச்சுன்னா அம்புட்டுதான். மில்லுக்கு மருமக மட்டுந்தான் போனா. இவ போகல. ரெண்டு பேருக்கும் வெளங்குச்சா?” மதினி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற பெண் பயந்தவள் என்று பேர் வாங்கினால் அதோடு கதை முடிந்தது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு. பேய் பிடிக்கும் என்பார்கள், பிள்ளை தங்காது என்பார்கள், வாய்க்கு வந்ததெல்லாம் சொல்வார்கள்.

அதனால் மதினி குழாயடியில் “நான் ஒத்தையில நிக்கேன், பாத்துக்கிடுங்க” என்று ஆரம்பிப்பாள். நான் குடத்தை வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்று கேட்பேன். அவளுடைய கதையில் நான் சாக்குத் தைத்த இடத்தில் யாரும் இல்லை. சிலசமயம் எனக்கே சந்தேகம் வந்துவிடும், நிஜமாகவே நான் போகவில்லையோ என்று. சிரிக்கிறீர்களா? இருபது வயதில் நீங்கள் நின்ற இடத்தில் இருந்து உங்களை அழித்துவிட்டு, நீங்களும் நின்று அதைக் கேளுங்கள், அப்போது தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து நடுக்கம் ஆரம்பித்தது. தென்காசி ஸ்டேஷனில் செங்கோட்டை ரயில் ஆவி விடுகிற சத்தம் காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து எங்கள் வீடு வரைக்கும் வரும். அது வந்தால் என் மணிக்கட்டை யாரோ பிடிப்பார்கள். அடுப்பில் கொதித்து மூடி தூக்கினால் பிடிப்பார்கள். துவைத்த வெள்ளை வேட்டி காற்றில் முகத்தில் வந்து விழுந்தால் அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவேன். தூக்கம் போயிற்று. அந்த மில் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

“உன் மதினியுந்தான அங்கன நின்னா? அவளுக்கு ஒண்ணும் ஆகலயே, உனக்கு மட்டும் என்னட்டி வந்துச்சு?” என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். “இவ சின்னதுலயே இடிச்சத்தம் கேட்டா நெல்லுக் குதிருக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிடுவா. பயந்த சுபாவம். நெஞ்சுல உரம் கெடையாது.” நல்ல நியாயம். அதே இடிக்குப் பயந்து என் அண்ணன் பாயை நனைத்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவன் போலீஸ்காரன் ஆகிவிட்டான் அல்லவா, அவன் நனைத்ததெல்லாம் காய்ந்துவிட்டது. அப்பா ஒரு படி மேலே போனார். “டாங்கிப் பக்கத்துல உனக்கு என்ன சோலி? பொம்பளப்பிள்ள ஓரமா நிக்க வேண்டியதுதான?” என்றார். டாங்கிப் பக்கம் நான் போகவே இல்லை, சாக்குதான் தைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னதில், நான் அங்கே போய் நின்றதால்தான் எல்லாம் நடந்தது என்று ராத்திரி படுத்தால் எனக்கே தோன்ற ஆரம்பித்தது. அந்த யோசனை என்னை எவ்வளவு அரித்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருக்கவும் செய்வார். அவர் அப்படித்தான்.

இதன் நடுவில்தான் ஒரு அம்மாள் வந்தாள். செத்துப்போனவளின் தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்திருந்தாள். முற்றத்தில் நின்றுகொண்டு, மேலே ஏறாமல், அப்பாவிடம் கேட்டாள். “எம் மக கடேசியா ஒரு சின்னப்பொண்ணு கையப் பிடிச்சிட்டு கெடந்தான்னு களத்துல சொல்லுதாவ. உங்க வீட்டுப் பொண்ணோன்னு ஒருத்தி சொன்னா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்யா. அவ கடேசியா வாயத் தொறந்து என்ன சொன்னான்னு மட்டும் கேட்டுட்டுப் போயிருவேன்.”

அப்பா கொஞ்சமும் தடுமாறவில்லை. “எங்க வீட்டுப் பிள்ள அங்கன வரவே இல்ல. மருமகதான் வந்தா, அவளும் தள்ளித்தான் நின்னா. வேற யாரையும் விசாரி. மோரு குடிச்சிட்டுப் போ” என்றார். நான் அடுக்களைக்குள் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேன். அம்மா என் தோளில் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. பயத்தை விடப் பெரிய கோபம். அவளுக்குக் கொடுக்க வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது, இவர்கள் அதை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று.

இங்கே ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். எண்பதுகளில் நான் டீச்சராகிவிட்ட பிறகு, தென்காசியில் எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் பாளையங்கோட்டையில் இருந்து ஒரு மனநல டாக்டர் வந்து பேசினார். ஒரே விபத்தில் மாட்டிய இரண்டு பேரில் ஒருவர் தேறிவிடுகிறார், இன்னொருவர் வருஷக்கணக்கில் அதிலேயே கிடக்கிறார், அது ஏன் என்று கேட்டு, காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்பே பயந்த அனுபவம் இருக்கலாம், இயல்பிலேயே பதற்றம் உள்ளவராக இருக்கலாம், அந்த நேரத்தில் உணர்ச்சியே இல்லாமல் மரத்துப்போயிருக்கலாம், எல்லாம் தன்னால்தான் என்று நினைக்கலாம், அதை நினைவுபடுத்துகிற எதையும் விட்டு ஒதுங்கி ஓடலாம் என்றார். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, குதிர், கோணி ஊசி, அப்பா, மில் தெரு என்று எண்ணிக்கொண்டே வந்தேன். கடைசியாக, அதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாமல் போவதும் ஒரு காரணம் என்றார். நான் எழுந்து, “அதை ஏன் சார் கடைசியில சொல்லுதீங்க? அதுல்லா முதல்ல வரணும்?” என்று கேட்டேன். மற்ற டீச்சர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “முதல்லயே சொல்லியிருக்கலாம் டீச்சர்” என்றார் அவர். நல்ல மனுஷன். ஆனால் பக்கத்து பெஞ்சில் இருந்தவள் என் காதில், “அப்போ பயந்த சுபாவம் இருந்தாத்தான் இப்படி ஆகும்னு சொல்லுதாரு, என்ன?” என்றாள். ஊர் எதைப் பிடித்துக்கொள்ளும் பார்த்தீர்களா. எனக்கு ஊம் கொட்ட ஒருத்தி இருந்திருந்தால் என் சுபாவத்தை வைத்து நான் சமாளித்திருப்பேன். கடையத்தில் இருந்து பஸ் ஏறி வந்த அந்த அம்மா இல்லாமல், வாயையும் மூடு என்று மதினிக்குச் சொல்லியிருந்தால் அவள் சுபாவமும் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்திருக்கலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். எனக்கு வைத்தியம் ஆரம்பித்தார்கள். கோயில் திருநீறு பூசினார்கள். பள்ளிவாசலில் ஓதி ஊதின தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். அதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை, அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் ஆனியில் சாரல் ஆரம்பித்ததும் அம்மா குற்றாலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கோட்டி, அதாவது பைத்தியம், பிடித்தவர்களைக் கொண்டுவந்து அருவிக்கு நேரே தலையைக் காட்ட வைத்தால் தெளிந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன், காலில் சங்கிலியோடு ஒருவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்தியதை. அவர் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்து, “கோட்டி எறங்குது” என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். “எனக்குக் கோட்டி இல்ல” என்றேன். “கோட்டின்னு யாருட்டி சொன்னா? சாரலுக்கு எல்லாருந்தான் குளிக்காவ” என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை லீவில் வந்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. பெண் பார்க்க வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போனால் ஊர் சிரிக்கும். அதனால் சீசனில் இரண்டு குடும்பமும் அருவியில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் குளியல். ஆடி பிறக்கும் முன்னே முடிவு பண்ண வேண்டும் என்று ஐந்தருவியில் ஏற்பாடு ஆயிற்று. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று, தலையில் தண்ணீர் விழுந்த மாதிரியும் ஆயிற்று.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எனக்குக் கேட்டுவிட்டது. சாரல் நன்றாகப் பிடித்திருந்த வருஷம். ஓ என்று, நிற்காமல். எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான், சின்னதில் அதில் குதியாட்டம் போட்டவள்தான் நான். ஆனால் அன்றைக்கு அது மில் சத்தமாகத்தான் இருந்தது. வழியெல்லாம் கடைகள், மிளகாய் பஜ்ஜி வாசம், எண்ணெய் தேய்த்து நிற்கிற ஆட்கள். “மதினி, நான் வரல” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஆஜானுபாகுவான பெண்மணி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வா பிள்ள, ரெண்டு பேரும் குளிப்போம்” என்று கூப்பிட்டாள். முடி நீளமா, பல் வரிசையா என்று பக்கத்தில் இருந்து பார்க்க அது ஒரு வழி. பெண்கள் குளிக்கிற பக்கம் கூட்டம் நெரிந்தது. “தலையக் காட்டு, நல்லா காட்டு” என்று அம்மா பின்னால் இருந்து தள்ளினாள். தண்ணீர் விழுந்தது. காது அடைத்தது. கண் முன்னால் எல்லாம் வெள்ளை. என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

நிஜமாகவே பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாதான், வழுக்காமல் இருக்கப் பிடித்திருக்கிறாள். நான் அப்படியே பாறையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்தம்மா என்னை இழுத்து வெளியே கொண்டுவந்து பஜ்ஜிக் கடைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பல் கிட்டிக்கொண்டது. கை கால் ஆடியது. அப்பாவும், மாப்பிள்ளையும், அவன் வீட்டு ஆண்களும் வந்துவிட்டார்கள்.

“காலையில ஒண்ணும் சாப்பிடல. அதான் தண்ணி கூதல் தாங்கல” என்றாள் அம்மா.

“பயந்த பிள்ளையா?” என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது” என்றார் அப்பா.

அந்த ‘ஒண்ணும் கெடையாது’ என் காதில் விழுந்ததும், முற்றத்தில் நின்ற அந்தத் தாய் என் கண் முன்னால் வந்துவிட்டாள். என் நடுக்கம் நிற்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். நடுங்கிக்கொண்டேதான் பேசினேன். “மில்லுல பாய்லர் குழாய் வெடிச்சிச்சுல்லா, அப்போ நான் அங்கன நின்னேன். செத்துப்போனவ என் கையத்தான் பிடிச்சிட்டு இருந்தா. அதுல இருந்து எனக்கு நடுக்கம் வருது. தண்ணியும் இல்ல, கூதலும் இல்ல, கோட்டியும் இல்ல. நான் பாத்தத பாத்தா யாருக்கும் வரும்” என்றேன். அதோடு நிறுத்தவில்லை. சாக்கு, ஊசி, சத்தம், வெள்ளை என்று முதலில் இருந்து கடைசி வரை சொன்னேன். அவள் சொன்ன அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுக் கேட்டாள். நாலைந்து பஜ்ஜி கருகிப்போனது.

“இவ காய்ச்சல்ல பெனாத்துதா” என்றார் அப்பா. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

அப்போது மதினி பேசினாள். மாமனார் முன்னால் அதுவரை நிமிர்ந்துகூடப் பேசாதவள். “பெனாத்தல மாமா. அவ சொல்லுதது நெசம். நான் குழாயடியில முதுகக் காட்டிட்டு நின்னேன், எனக்குச் சத்தம்தான் கேட்டுச்சு. பாத்தது பூரா அவதான். நாந்தான் நான் பாத்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதேன்” என்றாள். சொல்லிவிட்டு என் தலையைத் துண்டால் துவட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்கள். பதில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். பதில் வரவே இல்லை, அதுதான் பதில். மாப்பிள்ளையை நான் ஒரு தடவை பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அப்பா எங்களோடு உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும், “குடியக் கெடுத்திட்டியே மூதி” என்றார். “இனிமே எவன் வருவான்?” என்று அம்மா அழுதாள். வந்தான், ஐந்து வருஷம் கழித்து, எல்லாவற்றையும் முதல் நாளே என் வாயால் கேட்டுவிட்டு வந்தான், அது வேறு விஷயம். அன்றைக்கு எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. நெஞ்சில் உரம் இல்லாதவள் என்று மூன்று மாதமாகச் சொன்னார்களே, அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். “எங்கட்டி போற?” என்றார் அப்பா. “மில்லு தெருவுக்கு” என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மதினி செருப்பை மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டாள். மில்லுக்குள்ளே இரைச்சல் இருந்தது. என் கால் நின்றது. மதினி தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை, பக்கத்தில் நின்றாள். அப்புறம் நடந்தேன்.

அந்தத் தெருவில் செத்தவளின் தாய் தன் வீட்டு வாசலில், மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. நான் அவள் எதிரில் உட்கார்ந்து, “உங்க மக என் கையத்தான் பிடிச்சிட்டு இருந்தாவ” என்றேன். கை நின்றது.

“என்ன சொன்னா?”

சொல்லலாமா என்று கடைசியாக ஒரு தயக்கம் வந்தது. ஏனென்றால் அவளும் என்னிடம் சொல்லாதே என்றுதான் சொல்லியிருந்தாள். ஊரே என்னைச் சொல்லாதே என்றது, செத்தவளும் அதையே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மற்றவர்களை மீறிவிட்டேன், இனி அவளையும் மீற வேண்டியதுதான்.

“எங்கம்மைட்ட சொல்லிராதட்டி, பயந்திருவா, அப்படின்னு சொன்னாவ.”

“அவதான்” என்றாள். “சின்னதுல கீழ விழுந்து முட்டப் பேத்துக்கிட்டு வருவா. பக்கத்து வீட்டுல போயி மஞ்சள் வாங்கி அப்பிக்கிட்டு, அம்மைட்ட சொல்லாதீங்க, பயந்திருவான்னு சொல்லிட்டு வருவா. அவதான்.” சுளகைக் கீழே இறக்கி வைத்தாள். பீடி இலைத் தூசி படிந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் நடுங்கவில்லை.

பிறகு அவள் கேட்டாள். மூன்று மாதத்தில் என்னைப் பெற்றவர்கள் கேட்கவில்லை, திருநீறு பூசியவர்கள் கேட்கவில்லை, அருவியில் தள்ளியவர்கள் கேட்கவில்லை. மகளைப் பறிகொடுத்தவள் கேட்டாள்.

“நீ ரொம்பப் பயந்துட்டியா பிள்ள?”

“ஆமா” என்றேன்.

“சொல்லு” என்றாள். “முதல்ல இருந்து சொல்லு.”